திருப்பி வைத்த வீட்டுக்குக் கமிஷன்

சத்வா, துபாய்
14.8.76, சனிக்கிழமை

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே பஹ்ரைனில் நீயும் மாப்பிள்ளை சேதுமாதவனும் வயிற்றில் இருக்கிற சின்னதும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன புதன்கிழமை அப்பாவின் ஆபீஸ் தபால்பெட்டிக்கு வந்தது. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பைக் குறைத்துக்கொள், ஊறுகாய் பாட்டிலை மாப்பிள்ளையிடம் கொடுத்து உன் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல். ஏசி குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெறும் தரையில் படுக்காதே. சாயங்காலம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிட, பாத்திரம் ஓடிப்போகாது. குழந்தை படுத்தால்தான் அதிகம் உதைக்கிறது என்று எழுதியிருக்கிறாய், நீயும் என் வயிற்றில் அப்படித்தான் இருந்தாய், நடக்கும்போது சாது, படுத்தால் ரகளை. அதற்கெல்லாம் பயப்படாதே. பயப்படுகிற வேலையை என்னிடம் விட்டுவிடு, எனக்குத்தான் அதில் பழக்கம் அதிகம்.

தலைப்பிரசவத்துக்கு எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று மாப்பிள்ளை கேட்பதாக எழுதியிருந்தாய். மதுரையிலிருந்து உன் மாமியாரும் அதையே எனக்கு எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் பெண்ணை எந்த வீட்டுக்கு அழைத்துப் போவதாக உத்தேசம் என்ற ஒரு வரி என்னைப் போட்டு வாட்டுகிறது. எந்த வீடு என்றுதான் எனக்கும் தெரியவில்லை வசந்தா. அப்பாவுடைய காண்டிராக்டைக் கம்பெனி இந்தத் தடவை புதுப்பிக்கவில்லை. படங்களையெல்லாம் இனிமேல் சீமையிலேயே வரைந்து அனுப்பிவிடுவார்களாம், இங்கே உட்கார்ந்து வரைகிற டிராப்ட்ஸ்மேன் வேண்டாமாம். பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லாதே என்று அப்பா தடுத்ததால் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். இந்த மாதக் கடைசியோடு விசா கேன்சல், செப்டம்பர் பிறக்கும்போது நாங்கள் இங்கே இருக்கக் கூடாது. திருச்சியில் நமக்கு ஒரு சதுர அடி கிடையாது. சேர்த்ததெல்லாம் சக்கரம் வைத்த வீடு என்று இந்தக் காரவனிலும் உன் கல்யாணத்திலும் போட்டாயிற்று, சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அழாதே, நல்ல இடத்தில்தான் போட்டோம். இப்போது நமக்கென்று இருக்கிற வீடு இந்த ஒரு காரவன்தான். இதை விற்று உறையூரில் ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடித்தால்தான் நீ வந்து இறங்க ஒரு தாய் வீடு உண்டு. உன் சித்தப்பா கோபாலசாமி அலைந்து திரிந்து ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். கீழ் வீடு, கிணறு உண்டு, குழந்தையைக் குளிப்பாட்டக் காலை வெயில் விழுகிற முற்றம் உண்டு, பிரசவ ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். வீட்டுக்காரர் ஆவணி கடைசி வரைதான் பொறுப்பாராம், அதற்குள் ஒத்திப் பணம் முழுசாகக் கைக்கு வர வேண்டும்.

விற்பதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. அழகுமலை என்று ஒருவர், முதுகுளத்தூர்ப் பக்கம், அப்பாவின் சைட்டில் கொத்தனாராக வந்து இப்போது போர்மேன் ஆகியிருக்கிறார். கம்பெனி அவருக்கு அல் கூஸில் வேலையாட்கள் கேம்பில் கட்டில் கொடுத்திருக்கிறது, குடும்பத்துக்கு இடம் கொடுக்காது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம், லீவில் போய்ப் பார்த்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் கூட வராது என்றார். மனைவி நாகவள்ளியை எப்படியாவது அழைத்து வந்துவிட வேண்டும் என்று நிற்கிறார். வந்து காரவனுக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அடுப்படியில் நின்று பார்த்தார், நாம் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் அப்போதே பிரியம் வந்துவிட்டது. ஆடி மாதம் என்பதால் முன்பணம் கூட வாங்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று நான் சொன்னேன், அவரும் அதே நினைப்பில்தான் இருந்தார். ஆவணி முதல் தேதி செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று, அதனால் புதன்கிழமை கையெழுத்து என்று முடிவு. நான் மனசுக்குள் உறையூர் முற்றத்தில் உனக்கு வளைகாப்புக் கோலம் போட்டே முடித்துவிட்டேன். அப்போதுதான் பன்னீர்செல்வம் வந்தார்.

பன்னீர்செல்வத்தை நீ லீவுக்கு வந்தபோது பார்த்திருக்கிறாய், இந்தக் காரவன் காம்பவுண்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர், மன்னார்குடிக்காரர், எப்போதும் சட்டைப்பையில் டார்ச் வைத்திருப்பார். அவர் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விற்கிற விலையில் நூற்றுக்கு இருபது அர்பாபுக்கு, இடத்துக்குச் சொந்தக்கார அரபிக்கு, கமிஷன் கொடுத்தால்தான் இடத்தைப் புது ஆளின் பேருக்கு மாற்றித் தருவோம் என்றார். ஐந்தில் ஒரு பங்கு. வாங்கின அன்றே காகிதத்தில் அந்த வரி இருந்ததாம், அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், விற்பதைப் பற்றி அன்றைக்கு யார் நினைத்தார்கள்? அப்பா கொதித்துப்போய்விட்டார். காரவன் என் பணத்தில் வாங்கினது, அது நிற்கிற மணலுக்கு மாசம் தவறாமல் வாடகை கொடுத்தாயிற்று, ஏசி ரிப்பேர் ஆனால் இவரா வந்து பார்த்தார், நான் விற்கும்போது மட்டும் இவருக்கு எதற்குப் பங்கு என்று கேட்டார். பன்னீர்செல்வம் கோபப்படவில்லை. “சார், இதே காரவனை நடு மணல்ல கொண்டு போயி நிறுத்தி வித்துப் பாருங்க, பாதி வெலைக்காவது போவுதான்னு. இங்க தண்ணி வண்டி வருது, கரண்டு இருக்கு, கக்கூஸ் லாரி வருது, அதனாலதான் வெலை. நீங்க இத்தனை வருஷம் கம்மி வாடகையில இருந்தீங்களே, அது எப்படி? காலி பண்ணிட்டுப் போனவங்க குடுத்த கமிஷன்லதான் டீசல் ஓடுது” என்றார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா சொல்வதும் நியாயம், அந்த மனிதர் சொல்வதும் முழுப் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒருவன் அநியாயக்காரன் என்று தெரிந்தால் மனசாரத் திட்டிவிட்டாவது தூங்கலாம்.

அடுத்த நாள் அப்பா ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். அவரை உனக்குத் தெரியாதா, எதிலும் ஒரு சந்து இருக்கும் என்று நம்புகிறவர். கமிஷன் என்பது காரவனை இருந்த இடத்திலேயே விற்றால்தான், சக்கரத்தை மாட்டி இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டால் யாரும் ஒரு பைசா கேட்க முடியாது, மூன்றாம் வரிசையில் இருந்த ஆங்கிலோ இந்தியர் அப்படித்தான் கொண்டு போனாராம். அல் கூஸில் அழகுமலை கம்பெனி யார்டில் ஒரு மூலையில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுப்பார்கள், இழுத்துக்கொண்டு போய் அங்கே விடுகிறேன், முழுப் பணமும் நமக்கு என்றார். அழகுமலை தலையைச் சொறிந்தார். “சார் சொன்னா சரித்தேன். ஆனா அல் கூஸ்ல சுத்தி ஒர்க்‌ஷாப்பும் கோடவுனுந்தேன், பொம்பளை மொகமே கெடையாது. எம் பொண்டாட்டி ஊரு எல்லையத் தாண்டுனதில்ல. இங்கனன்னா பக்கத்துல அவுக இருக்காக, பேச்சுத் தொணைக்கு நாலு பேரு இருக்காக, நான் டூட்டிக்குப் போனாலும் மனசு நிம்மதியா இருக்கும்” என்று பக்கத்து வீட்டு ஜன்னத்துல் ஃபிர்தௌஸைக் காட்டினார். அவர் விலை குறைக்காமல் நின்றது காரவனுக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னத்துக்காக. காயல்பட்டினத்திலிருந்து வந்து, எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்து, உன் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்ப ராப்பகலாக உட்கார்ந்து பூ வேலை செய்தாளே, அவளுக்காக. யோசித்துப் பார்த்தால் இந்தக் கமிஷனை யாராவது கேட்கலாம் என்றால் அவள்தான் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை. அப்பாவோ பிடித்த பிடியில் நின்றார். ரேட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், யார்டுக்கே எடுத்துக்கொள் என்று அழகுமலையை மடக்கிவிட்டார். பெரிய சாரை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

இங்கேதான் என்னால் வந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் காரவனை வாங்கினபோது நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய், அதனால் உனக்கு இந்தக் கதை தெரியாது. இந்த வரிசையில் எல்லாக் காரவனுக்கும் வாசல் மேற்கே, பாதையைப் பார்த்தபடி. லாரியில் மாட்டி இழுக்கிற கொக்கியும் அந்தப் பக்கம்தான் இருக்கும். பால் காய்ச்சுவதற்கு முன்னால் நான் ஒரே பிடிவாதமாக நின்றேன், வாசல் கிழக்கே பார்த்து இருந்தால்தான் உள்ளே கால் வைப்பேன் என்று. அப்பா அப்போது என்னைத் திட்டவில்லை, திசைகாட்டி வைத்துப் பார்த்து, பென்சிலில் படம் போட்டு, ஆள் வைத்துத் தள்ளித் தள்ளி மொத்த வீட்டையும் திருப்பி வைத்தார். பக்கத்து இடம் அன்றைக்குக் காலியாக இருந்தது, திருப்ப வசதியாக இருந்தது. அதிலிருந்து நம் வீட்டுக்கு மட்டும் வருகிறவர்கள் சுற்றி வந்து, பின் மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, கிழக்கே பார்த்த வாசலில் ஏறி வருகிறார்கள். நீயும் லீவுக்கு வந்தபோது இடுப்பில் மதில் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே திரிந்தாய். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் சிமெண்டு மேடை போட்டது, தகரச் சாய்ப்பு இறக்கினது, தண்ணீர்த் தொட்டி ஏற்றினது எல்லாம் அப்புறம். வீடென்றால் தரையில் நிற்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை காலையிலேயே லாரி வந்துவிட்டது. டயர் வாங்கி மாட்டியாயிற்று, அழகுமலை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மேடையை உடைத்து வீட்டை ஜாக்கியில் தூக்கியாயிற்று. நான் சாமி படங்களைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு வெயிலில் நின்றேன், யாரோ என் இடுப்பை ஜாக்கி வைத்துத் தூக்குகிற மாதிரி இருந்தது. லாரி டிரைவர் பட்டாணியர், இறங்கி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கொக்கியைத் தேடிக்கொண்டு பின்னால் போனார், மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஒருவழியாக வெளியே வந்து, யே கர் உல்டா ஹை பாய், இந்த வீடு தலைகீழாக நிற்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வரிசையே சிரித்தது. கொக்கி மதிலைப் பார்த்து இருக்கிறது, லாரி அந்தப் பக்கம் போக வழியே இல்லை. வீட்டை மறுபடி மேற்கே திருப்பினால்தான் இழுக்கலாம். திருப்ப வேண்டுமென்றால் பக்கத்தில் இடம் வேண்டும், அந்த இடத்தில் இப்போது நிற்பது ஜன்னத்தின் சமையல் சாய்ப்பு. கேஸ் அடுப்பு, அலமாரி, குழாய் எல்லாம் வைத்து அவள் வீட்டுக்காரர் தன் கையால் கட்டினது. அப்பா முகம் கறுத்துவிட்டது. அடுத்த கணம் என்ன நடந்தது தெரியுமா, ஜன்னத் யாரும் கேட்காமலே தன் பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “விடுங்க அக்கா, தகரந்தானே, இன்னைக்குப் பிரிச்சா நாளைக்குக் கட்டிக்கிடலாம். வசந்தா புள்ளை பெற வாறா, அவளுக்கு வீடு வேணும்லா” என்றாள். சட்டியிலே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெயிலில் வைத்தாள்.

அப்பா கடப்பாரையோடு அந்தச் சாய்ப்பின் முன்னால் போய் நின்றார். எனக்குத் தடுக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடைத்தால் உறையூர் முற்றம் கிடைக்குமே என்றும் ஒரு பக்கம் மனசு சொல்லிற்று. அவர் தகரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ஜன்னத்தின் வீட்டுக்காரர் ஆணி அடித்த இடங்களையெல்லாம் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னிடம், “சீதா, அவன் நம்மகிட்ட அஞ்சுல ஒரு பங்குதான் கேட்டான். நான் இந்தப் பொண்ணுகிட்ட அடுப்படியையே கேக்கறேனே” என்று சொல்லிக் கடப்பாரையை மணலில் போட்டுவிட்டார். டிரைவரிடம் கலாஸ் பாய், முடிந்தது போ என்று சொல்லிக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, அந்த மனுஷனைக் கட்டிக்கொடுத்த என் அப்பாவை நினைத்துக் கும்பிடவும் தோன்றியது. உடைத்த சிமெண்டு மேடையை அழகுமலைதான் குனிந்து பொறுக்கி ஓரமாக அடுக்கினார். அவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை, பாவம், வீடு இங்கேயே நிற்கிறதே.

அப்பா படுத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. நானே முக்காடு போட்டுக்கொண்டு கேட்டடியில் இருக்கிற பன்னீர்செல்வத்தின் காரவனுக்குப் போனேன். என்ன தைரியத்தில் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. போய், தம்பி, இடம் உங்களுடையது, தண்ணீர் உங்களுடையது, அதற்குப் பங்கு கேட்கிறீர்கள், சரி, ஆனால் சாய்ப்பு நாங்கள் இறக்கினது, தொட்டி நாங்கள் ஏற்றினது, உள்ளே அலமாரி அடித்தது நாங்கள், அதற்கெல்லாம் சேர்த்து ஐந்தில் ஒன்று என்றால் எங்கள் வியர்வைக்கு நாங்களே வாடகை கட்டுகிற மாதிரி இல்லையா, வந்த அன்றைக்கு வெறும் பெட்டியாக இருந்ததே, அந்தப் பெட்டிக்கு மட்டும் கேளுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் டார்ச்சை அமுக்கி அமுக்கி அணைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் காரவனைச் சுற்றிப் பார்த்தார், அவரும் ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார், வாசலில் சிமெண்டில் ஒரு படி கட்டியிருக்கிறார். “எனக்கும் இதே ரூல்தாம்மா, நான் போறப்ப எனக்கும் புடிப்பாங்க. இப்படி யாரும் பிரிச்சுக் கேட்டதில்ல. வந்தப்ப எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு சார் படம் போட்டுக் குடுப்பாரா? அர்பாப் மழை பாக்க பம்பாய் போயிருக்காரு, நோன்புக்குத்தான் வருவாரு. பெருநாள் முடிஞ்சதும் முன்னால வைக்கறேன்” என்றார். பெருநாள் முடியச் செப்டம்பர் கடைசி ஆகிவிடும், எங்களுக்கு இந்த மாதம் தாண்டாதே என்றேன். “அதுக்கு என் கையில அதிகாரம் இல்லியேம்மா” என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டில் டீ கொடுத்தார்கள், குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை என்று குடித்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார், கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ஸ்கேலையும் பேனாவையும் எடுத்தார். இன்று காலையிலிருந்து வரைகிறார். ஒரு தாளில் வந்தபோது இருந்த காரவன், இன்னொரு தாளில் இப்போது இருப்பது, ஆணி வரைக்கும். நமக்கு உபயோகப்படாது, தெரிந்தேதான் வரைகிறார். முதலில் வரைந்தது நம் வீட்டை இல்லை, ஜன்னத்தின் சமையல் சாய்ப்பை. அதைப் பார்த்துவிட்டு எதிர் வரிசை மலையாளி வந்து நின்றார், அப்புறம் இரண்டு பாகிஸ்தானிக் குடும்பம், மத்தியானத்துக்குள் வாசலில் கூட்டம், எல்லோரும் மதிலில் முதுகை உரசிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். வேலை போனவர் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு களை வந்திருக்கிறது, அந்த அளவில் எனக்குச் சந்தோஷம். அர்பாப் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, ஒத்துக்கொண்டால் அடுத்து விற்கிறவர்களுக்கு லாபம். நமக்குப் புதன்கிழமை பழைய ரூல்தான். அழகுமலை தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்று வந்தார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார், நானும் வேண்டாம் என்றேன், அந்தப் பெண் நாகவள்ளி வந்து இறங்கும்போது அவர் கையில் நாலு காசு இருக்க வேண்டாமா.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், பயப்படாமல் படி. கமிஷன் போக மீதியில் உறையூர்க் கீழ் வீடு வராது. சித்தப்பாவுக்கு நேற்றே தந்தி கொடுத்துக் கேட்டதில் பதில் வந்துவிட்டது, அதே வீட்டில் மாடி இருக்கிறதாம், அந்தப் பணத்துக்கு மாடியைத் தருவார்களாம். சித்தப்பா முன்பே மாடியைப் பற்றி எழுதியிருந்தார், இரண்டு அறை, காற்று நன்றாக வரும், ஆனால் படி செங்குத்து, ஒரு பக்கம் பிடிக்கச் சுவர் இருக்கிறது, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அர்பாபுக்குப் போகிற கமிஷன் உனக்குப் படிக்கட்டாக வந்து வாய்த்திருக்கிறது வசந்தா. கால் வீங்கியிருக்கிற பெண் அதில் எப்படி ஏறுவாள், தண்ணீருக்குக் கீழே வர வேண்டுமே, வலி எடுத்தால் எப்படி இறக்குவது என்று இதே நினைப்பு. அப்பா திருச்சியில் இறங்கினதும் முதல் வேலை அந்தப் படிக்கு மரத்தில் கைப்பிடி அடிப்பதுதான் என்று சொல்லி அதற்கும் படம் போட்டு வைத்திருக்கிறார். ஒருமுறை ஏறினால் பிரசவத்துக்குத்தான் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் நான் தூக்குகிறேன், வளைகாப்பை மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம், வருகிற சுமங்கலிகள் ஏறி வரட்டும், அவர்களுக்கென்ன. உன் மாமியாருக்கு நானே எழுதுகிறேன், மாடி என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீ முந்திக்கொண்டு எதுவும் சொல்லாதே. டாக்டரிடம் விமானத்தில் போகலாம் என்று காகிதம் வாங்கி வைத்துக்கொள். இருபத்தெட்டாம் தேதிக்கு மாப்பிள்ளையை பஹ்ரைனிலிருந்து பம்பாய்க்கு டிக்கெட் எடுக்கச் சொல், நாங்கள் முந்தின நாளே வந்து ஏர்போர்ட் வாசலில் நிற்போம், அங்கிருந்து சேர்ந்து ரயிலில் போகலாம். கீழ் பெர்த்துக்கு அப்பா யாரையோ பிடித்திருக்கிறார்.

ஒன்று மட்டும் என்னிடம் சத்தியம் செய்கிற மாதிரி நினைத்துக்கொள். அந்தப் படியில் நீ தனியாக ஒருபோதும் ஏறக் கூடாது. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறு, நான் உனக்கு ஒரு படி கீழே, சுவர் இல்லாத பக்கமாகத் தள்ளி நின்று வருவேன். உன் அம்மா அப்படி ஒன்றும் மெலிந்துவிடவில்லை, அந்தப் பக்கத்துக்கு நானே போதும்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப் போகிற செல்வமும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நிற்க நிழலும் படுக்க இடமும் குறையாமல் வாழ வேண்டுமென்று சமயபுரத்தாளைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறேன். அப்பா தலை நிமிராமல் வரைந்துகொண்டே தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். ஜன்னத் உனக்கு ஒரு குழந்தைப் போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறாள், என் பெட்டியில் வருகிறது. புதன்கிழமைக்குப் பிறகு இந்த முகவரிக்கு எழுதாதே, சித்தப்பா வீட்டுக்கும் எழுதாதே, உறையூர் வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கீழே வேறு யாரோ குடிவரப் போகிறார்கள், அதனால் உறையின் மேல் நம் பெயருக்குக் கீழே ‘மாடி’ என்று போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உனக்கு ஒரு படி கீழே நிற்கும்
அம்மா
சீதாலட்சுமி கல்யாணசுந்தரம்